'குத்தினது நான் இல்லை': கொள்ளையின்போது நடந்த கொலையில் கூட்டுப் பொறுப்பும் மேல்முறையீடும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான்கு பேர் கொள்ளையடிக்கப் போகிறார்கள். ஒருவன் கத்தியை எடுக்கிறான், ஓர் உயிர் போகிறது. செஷன்ஸ் கோர்ட் நால்வருக்கும் ஆயுள் தண்டனை கொடுக்கிறது. கத்தியைத் தொடாதவனின் வீட்டார் கேட்கும் கேள்விகளைத்தான் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். இறந்தவரின் வீட்டாருக்கும் இதில் கேள்விகள் உண்டு, அவையும் கடைசியில் வரும். 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றம் என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டம் (ஐ.பி.சி.), அதற்குப் பின் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்.). இன்று அப்பீலில் இருக்கும் வழக்குகளில் பெரும்பாலானவை பழைய சட்டத்தின் கீழ் வந்தவை என்பதால் பழைய பிரிவு எண்ணை முதலில் சொல்லி, புதிய எண்ணையும் சேர்த்துச் சொல்கிறேன்.

குத்தியது ஒருவன். எல்லோருக்கும் எப்படிக் கொலைத் தண்டனை?

பிரிவு 34 (பி.என்.எஸ். 3(5)) வழியாக. பல பேர், எல்லோருக்கும் பொதுவான ஓர் எண்ணத்தை நிறைவேற்றுவதற்காக ஒரு குற்றச் செயலைச் செய்தால், ஒவ்வொருவரும் தானே தனியாக அதைச் செய்தது போலப் பொறுப்பு என்கிறது அந்தப் பிரிவு. இது தனிக் குற்றம் அல்ல. ஒருவரின் செயலை மற்றவர் கணக்கில் எழுதும் விதி. அதனால்தான் தீர்ப்பில் கொலைக்கான பிரிவு 302-ஐயும் சேர்த்து '302, 34-உடன் இணைத்து' என்று வரும்.

'பொது எண்ணம்' என்ற சொற்கள் 1860-ல் சட்டம் வந்தபோது அதில் இல்லை. 1870 திருத்தத்தில்தான் நுழைந்தன. கூட்டுப் பொறுப்பு பற்றிய அப்பீல்களில் பாதி வாதம் இந்த இரண்டு சொற்களைச் சுற்றியே நடக்கிறது.

வாசலில் நின்றவனுக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். அதற்கு நூறாண்டாக மேற்கோள் காட்டப்படும் வழக்கே ஒரு கொள்ளை வழக்குதான். 1923 ஆகஸ்ட் 3, கல்கத்தாவில் சங்கரிதோலா தபால் நிலையம். போஸ்ட்மாஸ்டர் பின்பக்க அறையில் மேசையில் பணம் எண்ணிக்கொண்டிருக்கிறார். முற்றத்துப் பக்கக் கதவில் சிலர் வந்து நின்று பணத்தைக் கேட்கிறார்கள், உடனே சுடுகிறார்கள். அவர் அங்கேயே இறந்துபோகிறார். வந்தவர்கள் பணத்தைக்கூட எடுக்காமல் ஓடுகிறார்கள். அவர்களில் பரேந்திர குமார் கோஷ் மட்டும் துரத்திப் பிடிக்கப்படுகிறார், கையில் பிஸ்டலோடு.

அவர் சொன்னது: நான் முற்றத்தில்தான் நின்றேன், பயந்துபோயிருந்தேன், போஸ்ட்மாஸ்டரை நான் சுடவில்லை. விசாரணை நீதிபதி ஜூரியிடம் சொன்னது: சாகடித்த குண்டு இவருடையது இல்லை என்றாலும், எல்லோருக்கும் பொதுவான எண்ணத்தை நிறைவேற்றச் சுட்டிருந்தால் இவரும் கொலைக் குற்றவாளி. மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஒவ்வொருவரும் தான் செய்ததற்கு மட்டுமே பொறுப்பு என்ற வாதம் அன்று இந்திய வழக்குகளுக்குக் கடைசி அப்பீல் மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் தோற்றது. 'நின்று காத்திருப்பவர்களும் சேவை செய்பவர்களே' என்ற ஆங்கிலக் கவிஞர் மில்டனின் வரியை லார்டு சம்னர் அந்தத் தீர்ப்பில் எடுத்தாண்டார். அந்த வரி இன்றும் நம் அமர்வு நீதிமன்றத் தீர்ப்புகளில் வருகிறது.

அந்த வழக்கை முழுக்கப் படித்தால் ஒன்று தெரியும். வெறுமனே நின்றதற்காக அவர் தண்டிக்கப்படவில்லை. ஆயுதத்தோடு, திட்டத்தோடு, மற்றவர்களுக்குத் துணையாக நின்றார் என்று ஜூரி நம்பியதால் தண்டிக்கப்பட்டார். எங்கே நின்றான் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, எதற்காக நின்றான் என்பதை விட்டுவிடும் தீர்ப்புகளைத்தான் மேல்முறையீட்டில் உடைக்க வேண்டும்.

திருடத்தான் பேசினோம், கொல்லப் பேசவில்லை. இது எதிர்வாதமா?

ஆம், பிரிவு 34-ல் இதுதான் உண்மையான எதிர்வாதம். கொள்ளைக்குப் பொது எண்ணம் இருந்ததாலேயே கொலைக்கும் இருந்ததாகிவிடாது. 1945-ல் மஹபூப் ஷா வழக்கில் பிரிவி கவுன்சில் இந்த வேறுபாட்டைத் தெளிவாக வைத்தது. சிந்து நதிக்கரையில் நாணல் வெட்டப் போன இடத்தில் நடந்த தகராறு அது. இரண்டு பேருக்கு ஒரே மாதிரி எண்ணம் இருப்பது வேறு, இருவரும் பகிர்ந்துகொண்ட ஒரே எண்ணம் இருப்பது வேறு என்றது. 1955-ன் பாண்டுரங் வழக்கில் உச்ச நீதிமன்றமும் முன்கூட்டியே மனங்கள் ஒன்றுபட்டிருக்க வேண்டும் என்றது. அந்த ஒன்றுபடல் சம்பவ இடத்திலேயே ஒரு நொடியில்கூட ஏற்படலாம் என்பது அரசுத் தரப்பின் பலம். அது ஏற்பட்டது என்பதைச் சூழ்நிலைகள் காட்ட வேண்டும் என்பது நம் பலம்.

எதைப் பார்ப்பார்கள்? ஆயுதம் கொண்டு போனது மற்றவர்களுக்குத் தெரியுமா? முதல் குத்து விழுந்த பிறகு இவன் என்ன செய்தான்? பிடித்துக்கொண்டானா, வாயைப் பொத்தினானா, தடுத்தானா, ஓடினானா? எத்தனை காயங்கள், எத்தனை ஆயுதங்களால்? பிரேதப் பரிசோதனை அறிக்கையில் ஒரே ஒரு குத்துக்காயம் இருப்பதும், மூன்று வகை ஆயுதங்களால் பதினைந்து காயங்கள் இருப்பதும் கூட்டுப் பொறுப்பு பற்றி வெவ்வேறு கதை சொல்கின்றன. டாக்டரின் சாட்சியத்தை 'இறப்புக்குக் காரணம்' என்ற ஒரு வரிக்காக மட்டும் புரட்டாதீர்கள்.

ஒருவன் உள்ளே மூதாட்டியின் கைகளைப் பிடித்துக்கொண்டிருக்க, இன்னொருவன் கழுத்தை நெரித்தான் என்று சாட்சியம் இருந்தால், 'நான் நெரிக்கவில்லை' என்ற வாதத்துக்கு எந்த நீதிமன்றத்திலும் இடம் கிடைக்காது. கிடைக்கவும் கூடாது.

எங்கள் வழக்கில் 34 இல்லை, 396 போட்டிருக்கிறார்கள். என்ன வித்தியாசம்?

பெரிய வித்தியாசம். ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து செய்வது கூட்டுக்கொள்ளை. அதைச் செய்யும்போது அவர்களில் யாராவது ஒருவர் கொலை செய்தால், ஒவ்வொருவருக்கும் மரண தண்டனையோ ஆயுளோ விதிக்கலாம் என்கிறது 396 (பி.என்.எஸ். 310(3)). இங்கே கொலை எண்ணம் எல்லோருக்கும் இருந்ததென்று அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டியதில்லை. 'கொல்லப் பேசவில்லை' என்ற வாதம் குற்றத்தை ஆட்டாது, தண்டனையின் அளவில் மட்டுமே உதவும்.

அந்த அளவிலும் சட்டம் மாறியிருக்கிறது. பழைய 396-ல் மரணம், ஆயுள் ஆகியவற்றோடு பத்து ஆண்டுகள் வரையிலான கடுங்காவலும் ஒரு வாய்ப்பு. புதிய 310(3)-ல் அது பத்து ஆண்டுகளுக்குக் குறையாத கடுங்காவல். அதாவது பழைய சட்டத்தின் உச்சவரம்பு புதிய சட்டத்தில் அடித்தளமாகிவிட்டது. 2024 ஜூலைக்கு முந்தைய சம்பவத்துக்குப் பழைய அளவுகோல்தான் என்பதை வாதத்தில் அழுத்திச் சொல்லுங்கள். வெளியே வண்டியில் இருந்தவனுக்கு ஏழு ஆண்டோ எட்டு ஆண்டோ கேட்க அந்தப் பிரிவில் இடமிருக்கிறது.

அப்படியானால் 396-ஐ எங்கே தாக்குவது?

தலைகளை எண்ணுவதில் தொடங்குங்கள். ஐந்து பேர் இருந்தார்கள் என்பதே நிரூபிக்கப்பட்டதா? உடனிருந்து உதவியவர்களும் எண்ணிக்கையில் சேர்வார்கள். தண்டிக்கப்பட்டவர்கள் ஐந்துக்குக் குறைவு என்பதாலேயே வழக்கு விழுந்துவிடாது. பெயர் தெரியாத, பிடிபடாத இன்னும் சிலர் இருந்தார்கள் என்று சாட்சியத்தின் அடிப்படையில் நீதிமன்றம் தெளிவாக முடிவு சொல்லியிருந்தால் நான்கு பேரைக்கூட 396-ல் தண்டிக்கலாம். ஆனால் இன்னின்ன ஐவர் மட்டும்தான் என்று குற்றச்சாட்டு சொல்லி, அதில் இருவர் விடுதலையும் ஆகி, வேறு யாரும் இருந்ததாக முடிவும் இல்லையென்றால் கூட்டுக்கொள்ளை நிற்காது. மிச்சமிருப்பது சாதாரணக் கொள்ளை. அதிலிருந்து கொலைக்குப் போக அரசுத் தரப்பு மறுபடி 34-ன் வாசலுக்கே வந்தாக வேண்டும்.

அடுத்தது, கொலை 'கொள்ளையைச் செய்யும்போது' நடந்ததா என்பது. இதில் எச்சரிக்கை தேவை. 1957-ன் சியாம் பிஹாரி வழக்கு: கொள்ளையர்கள் பின்வாங்கி ஓடுகிறார்கள், கிராமத்தார் துரத்துகிறார்கள், ஒருவர் கூட்டாளியைப் பிடித்துவிடுகிறார். பிடித்தவரைச் சுட்டுக் கொன்றது கூட்டுக்கொள்ளையின் தொடர்ச்சிதான் என்றது உச்ச நீதிமன்றம். ஓடும்போது நடந்தது என்று மட்டும் சொல்லித் தப்ப முடியாது. துரத்தல் எல்லாம் முடிந்து, பங்கு பிரிக்கையில் கூட்டாளிகளுக்குள்ளேயே நடந்த கொலை என்றால் அது வேறு கதை.

கொலைக்கு வராவிட்டால் முழு விடுதலையா?

பெரும்பாலும் இல்லை. வீட்டாரிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. கொள்ளையில் யாராவது ஒருவர் காயம் ஏற்படுத்தினால், கூட்டாகக் கொள்ளையில் இருந்த எல்லோரையும் 394 (பி.என்.எஸ். 309(6)) பிடிக்கும். அதிலும் ஆயுள் வரை இடமுண்டு. இரவில் வீடு புகுந்த வழக்கென்றால் 460 (பி.என்.எஸ். 331(8)) இருக்கிறது. புகுந்தவர்களில் ஒருவன் உயிரைப் பறித்தாலோ கொடுங்காயம் ஏற்படுத்தினாலோ, கூட்டாகப் புகுந்த அனைவருக்கும் ஆயுள் அல்லது பத்து ஆண்டு வரை. ஐந்து பேர் வேண்டும் என்ற கட்டாயம் இதில் இல்லை.

குறைந்தபட்சம் ஏழு ஆண்டு என்று அச்சுறுத்தும் 397 (பி.என்.எஸ். 311) மட்டும் வேறு வகை. டெல்லி பெட்ரோல் பங்க் கொள்ளை ஒன்றில் எழுந்த ஃபூல் குமார் வழக்கில், 1975-ல், அதில் வரும் 'குற்றவாளி' என்ற சொல் கொடிய ஆயுதத்தைத் தானே பயன்படுத்தியவனை மட்டுமே குறிக்கும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கூட்டாளியின் கத்தியைக் காட்டி இவனுக்கு 397 போட முடியாது. 34-ஐ ஒட்டவைத்தும் போட முடியாது. இந்தத் தவறு விசாரணை நீதிமன்றத் தீர்ப்புகளில் இன்றும் நடக்கிறது. உங்கள் தீர்ப்பில் இருக்கிறதா என்று உடனே பாருங்கள். ஆனால் கத்தியைக் குத்தத்தான் வேண்டும் என்றில்லை, நீட்டி மிரட்டினாலே 'பயன்படுத்துவது'தான் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

என் தம்பியிடம் இரண்டு வளையல் கிடைத்ததாக மஹஜர் (பொருளைக் கைப்பற்றியதற்குப் போலீஸ் எழுதும் பதிவு). வேறு சாட்சியே இல்லை. கொலைக்கு அது போதுமா?

இந்தக் கேள்விக்கு ஆம் என்றும் தீர்ப்பு இருக்கிறது, இல்லை என்றும் இருக்கிறது. திருட்டுப் பொருள் திருடிய சில நாளில் ஒருவரிடம் இருந்து, அவர் விளக்கம் சொல்லாவிட்டால், அவர் திருடனோ திருட்டுப் பொருளை வாங்கியவனோ என்று நீதிமன்றம் ஊகிக்கலாம். அந்த ஊகத்தைக் கொலை வரை இழுக்கலாமா?

1956-ன் சன்வத் கான் வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுத்தது. ராஜஸ்தானில் ஒரு கோயில் மடாதிபதியும் அவரோடு இருந்தவரும் கொல்லப்பட்டு, பொருள்கள் பிற்பாடு எதிரிகள் (குற்றம் சாட்டப்பட்டவர்கள்) காட்டிய இடத்தில் கிடைத்தன. பொருள் கையில் இருந்தது திருட்டைக் காட்டும், அதை மட்டும் வைத்துக் கொலைக்குத் தண்டிக்க முடியாது என்று சொல்லிக் கொலைத் தண்டனையை ரத்து செய்தது. 1995-ல் குலாப் சந்த் வழக்கில் அதே நீதிமன்றம் வேறு திசையில் போனது. கொலையும் கொள்ளையும் ஒரே நிகழ்வின் பகுதிகள், நகைகள் சில நாள்களுக்குள் கிடைத்துவிட்டன, ஆகவே கொலைக்கும் பொறுப்பு என்றது.

இரண்டுக்கும் நடுவே உங்கள் வழக்கு எங்கே விழுகிறது என்பதைத் தீர்மானிப்பவை சிறிய சங்கதிகள். எத்தனை நாள் இடைவெளி? நகை எளிதில் கைமாறும் வகையா? புகாரிலேயே அந்த வளையல் இருந்ததா, அல்லது மீட்ட பிறகு கூடுதல் வாக்குமூலத்தில் முளைத்ததா? அடையாளம் காட்டியவர் எதை வைத்துக் காட்டினார்? மஹஜர் சாட்சி அந்த ஊர்க்காரரா, ஸ்டேஷனுக்குப் பழக்கமானவரா? நான்கு எதிரிகள் இருக்கும் வழக்கில் இதை ஆளுக்கு ஆள் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஏ1-இடம் (முதல் எதிரியிடம்) கிடைத்த ரத்தக்கறை படிந்த சட்டையை ஏ4-இன் (நான்காம் எதிரியின்) தலையில் போட முடியாது. கூட்டுப் பொறுப்பு என்பது செயலைப் பகிர்வது. சாட்சியத்தைப் பகிர்வது அல்ல.

போலீசிடம் எல்லாரும் ஒப்புக்கொண்டதாக எழுதியிருக்கிறார்களே?

போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலத்தை எதிரிக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. அதில் ஒரு பொருளைக் கண்டெடுக்க வழிவகுத்த பகுதி மட்டும் உள்ளே வரும். எவ்வளவு வரும் என்பதை வரையறுத்தது நம் பழைய சென்னை மாகாணத்துக் குண்டூரிலிருந்து போன வழக்குதான், 1947-ன் புலுக்குரி கோட்டய்யா. 'என் வீட்டுக் கூரையில் ஒளித்துவைத்த கத்தியை எடுத்துத் தருகிறேன்' என்பது வரும். 'அந்தக் கத்தியால்தான் குத்தினேன்' என்பது வராது. அப்பீல் ஃபைலில் வாக்குமூலம் முழுசாகச் சான்றாவணமாகக் குறியீடு செய்யப்பட்டிருந்தால் அதை முதல் காரணங்களில் ஒன்றாக எழுதுங்கள்.

மாஜிஸ்திரேட் முன் கூட்டாளி கொடுத்த வாக்குமூலம் வேறு. சேர்ந்து விசாரிக்கப்படும்போது மற்றவர்களுக்கு எதிராகவும் அதைக் கவனிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அதை அடித்தளமாக்க முடியாது. 1964-ல் ஹரிசரண் குர்மி வழக்கு, பீகாரில் நடந்த கூட்டுக்கொள்ளைக் கொலை, 396-ன் கீழ் தண்டனை. ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்ன வழிமுறை இன்றும் செல்லும்: முதலில் மற்ற சாட்சியங்களை மட்டும் எடுத்துப் பார். அவையே குற்றத்தை நிரூபித்தால், மனத்தில் மிச்சமிருக்கும் தயக்கத்தை நீக்க வாக்குமூலத்தின் பக்கம் திரும்பலாம். வாக்குமூலத்திலிருந்து தொடங்கக் கூடாது. சந்தேகம் எவ்வளவு வலுவாக இருந்தாலும் அது சாட்சியம் ஆகாது என்று அப்பீல்தாரர்களை விடுதலை செய்தார்கள்.

கூட இருந்தவர்களை விடுதலை செய்துவிட்டார்கள். எங்கள் ஆளுக்கு மட்டும் 34 நிற்குமா?

1963-ல் கிருஷ்ண கோவிந்த் பாட்டீல் வழக்கில் இதே நிலைமை. நான்கு பேர் மீது 302, 34. உயர் நீதிமன்றம் மூவருக்குச் சந்தேகத்தின் பலனைக் கொடுத்துவிட்டு ஒருவரை மட்டும் 34-ஐக் கொண்டு தண்டித்தது. வேறு யாரும் இருந்ததாகச் சாட்சியமோ முடிவோ இல்லாதபோது யாரோடு சேர்ந்து பொது எண்ணம் என்று கேட்டு உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆனால் இவர்தான் குத்தினார் என்று நேரடிச் சாட்சியம் இருந்தால் 34 போனாலும் 302 தனியாக நிற்கும்.

மறுபக்கமும் உண்டு. அப்பீல் போட வசதியில்லாமல் சிறையில் இருக்கும் கூட்டாளிக்கும், அதே சாட்சியம் நம்பத்தகாதது என்று முடிவானால் அந்தப் பலனைக் கொடுக்கலாம். உச்ச நீதிமன்றம் பல முறை கொடுத்திருக்கிறது. வழக்கறிஞர் நண்பர்களே, வாதத்தின் முடிவில் அந்த அப்பீல் போடாத ஏ3-ஐயும் நீதிபதிகளுக்கு ஒரு வார்த்தை நினைவூட்டுங்கள். கட்டணம் தராதவர் என்று விட்டுவிடாதீர்கள்.

1982-ன் ஹர்பன்ஸ் சிங் வழக்கை நினைத்தால் இன்றும் மனம் பதைக்கிறது. அது கொள்ளை வழக்கு இல்லை. ஆனால் ஒரே கொலை வழக்கு, ஒரே மாதிரி பங்கு, மூன்று பேருக்கும் தூக்கு. மூவரின் மனுக்களும் தனித்தனியாக, வெவ்வேறு அமர்வுகள் முன் போயின. ஒருவருக்கு ஆயுளாகக் குறைந்தது. ஒருவர் 1981 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார். மூன்றாமவருக்கு வந்தபோதுதான் இந்த முரண்பாடு நீதிமன்றத்தின் கண்ணில் பட்டது. அவருடைய தண்டனையைக் குறைக்கக் குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைத்தார்கள். தூக்கிலிடப்பட்டவருக்குச் செய்ய ஒன்றும் இல்லை. கூட்டாளிகளின் அப்பீல்கள் எந்த எண்ணில் இருக்கின்றன, என்ன ஆயின என்று தேடிச் சொல்வது வழக்கறிஞரின் கடமை என்று நான் நினைப்பதற்கு இந்த ஒரு வழக்கு போதும்.

சம்பவத்தன்று பையனுக்குப் பதினெட்டு நிறையவில்லை. யாரும் சொல்லவில்லை. இப்போது சொல்லலாமா?

சொல்லலாம், சொல்லியே ஆக வேண்டும். 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின்படி இந்தக் கோரிக்கையை எந்த நீதிமன்றத்திலும், எந்தக் கட்டத்திலும், வழக்கு இறுதியாக முடிந்த பிறகும்கூட எழுப்பலாம். பள்ளிச் சான்றிதழ், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், மாநகராட்சி அல்லது பஞ்சாயத்துப் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றைத் தேடி எடுங்கள். கணக்கிட வேண்டியது குற்றம் நடந்த நாளின் வயதை, கைதான நாளின் வயதை அல்ல. கும்பலாகப் போன கொள்ளையில் வெளியே காவலுக்கு நிறுத்தப்படுபவன் பல நேரம் அந்தக் கூட்டத்திலேயே சின்னவன்.

நாங்கள் இறந்தவரின் குடும்பம். இதில் எங்களுக்கு என்ன இடம்?

எதிரியை விடுதலை செய்தாலோ, கொலையைக் குறைத்துச் சிறு குற்றமாக்கினாலோ, இழப்பீடு போதாதென்றாலோ நீங்களே நேரடியாக அப்பீல் போடலாம். அரசு போடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தண்டனை ஆண்டுகள் குறைவு என்பதற்காக மட்டும் அப்பீல் போடும் உரிமை அரசுக்குத்தான். இழப்பீட்டுக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் மனுக் கொடுக்கலாம். குற்றவாளி யாரென்றே கண்டுபிடிக்கப்படாத வழக்கிலும் கொடுக்கலாம். காவலுக்கு நின்றவனுக்குக் கொலை பொருந்தாது என்று நீதிமன்றம் சொல்வது உங்கள் இழப்பைச் சிறிதாக்குவதாகத் தோன்றும். அந்த வலியை யாரும் மறுக்க முடியாது.

எத்தனை நாளுக்குள் போட வேண்டும்? பணம் இல்லை.

செஷன்ஸ் கோர்ட் தண்டனைக்கு எதிராக உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள். மரண தண்டனை என்றால் 30 நாள். ஆனால் அது உயர் நீதிமன்றம் உறுதிசெய்யாமல் நிறைவேறாது, கோப்பு தானாகவே அங்கே போகும். உச்ச நீதிமன்றத்துக்குச் சிறப்பு அனுமதி மனு 90 நாள். நாள் தாண்டிவிட்டால் காரணம் சொல்லித் தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம். குறிப்பாகச் சிறையில் இருப்பவரின் காரணத்தை நீதிமன்றங்கள் கனிவோடுதான் பார்க்கின்றன. கைதி மட்டும் போட்ட அப்பீலில் தண்டனையைக் கூட்ட முடியாது என்பதால், 'போட்டால் தூக்காகிவிடுமோ' என்று பயந்து சும்மா இருக்க வேண்டாம்.

தீர்ப்பு நகல் தண்டிக்கப்பட்டவருக்கு இலவசம். சிறைக் கண்காணிப்பாளர் வழியாகவே அப்பீல் அனுப்பலாம். வக்கீல் வைக்க முடியாதவருக்குச் சென்னையிலும் மதுரைக் கிளையிலும் உயர் நீதிமன்றச் சட்டப்பணிகள் குழு வக்கீல் அமர்த்தித் தரும். சிறையில் இருப்பவருக்கு வருமானச் சான்று கேட்க மாட்டார்கள். அப்பீலோடு தண்டனையை நிறுத்திவைக்கும் மனுவையும் சேர்த்தே போடுங்கள். வெளியே நின்றவன், கையில் ஆயுதம் இல்லாதவன், திருட்டுப் பொருள் எதுவும் மீட்கப்படாதவன் என்ற வேறுபாடு அந்த மனுவிலேயே முதல் பத்தியில் வர வேண்டும். நான்கு பேருக்கும் ஒரே வக்கீல், ஒரே மனு என்று சிக்கனம் பார்த்தால் அந்த வேறுபாட்டைப் பேச ஆள் இருக்காது. குத்தினவனுக்கும் குத்தாதவனுக்கும் ஒருவரே எப்படி வாதாட முடியும்? தனி வக்கீல் வேண்டும் என்று சட்டப்பணிகள் குழுவிடம் எழுதிக் கேளுங்கள்.